சொல் சொல்லாகப் போகும் கட்டளை

உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெர்ரி பை கணினியில், சிப்பின் சூட்டைச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது: விசிஜென்சிஎம்டி மெஷர்_டெம்ப். டெர்மினலில் தட்டினால் ஒரே வரியில் பதில் வரும். அதே கட்டளையைப் பைத்தான் ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து ஓட்டிப் பதிலை வாங்கி, எண்ணை மட்டும் பிரித்தெடுத்து, 80 டிகிரியை நெருங்கும் முன்பே விசிறியைச் சுழலவிடலாம். யாரோ சி மொழியில் எழுதிவைத்த நிரல் நம் பத்து வரி ஸ்கிரிப்டுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இப்படிக் கட்டளையை ஓட்டப் பைத்தானின் பழைய வழி ஓஎஸ்.சிஸ்டம். எளிதுதான். ஆனால் பதில் திரையில் ஓடிப்போய்விடும். ஸ்கிரிப்டின் கைக்கு வருவது முடிவுநிலை எண் மட்டுமே. 2004-இல் பைத்தான் 2.4 உடன் சப்பிராசஸ் என்ற தொகுதி வந்தது. 2015-இல், 3.5 பதிப்பில், அதற்குள் 'ரன்' என்ற செயல்கூறு சேர்ந்தது. இன்று பெரும்பாலான வேலைகளுக்கு அது ஒன்றே போதும்.

ரன்னுக்குக் கட்டளையை, டெர்மினலில் தட்டும் வரியைப் படித்து ஓட்டும் ஷெல் வழியாக (ஷெல்=ட்ரூ) நீண்ட சரமாகவும் தரலாம், சொற்களின் பட்டியலாகவும் தரலாம். அழகு பட்டியலில்தான். 'மழை நாள்' என்று நடுவே இடைவெளி விட்டுப் பெயரிட்ட படக்கோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறி இல்லாத சரமாகப் போனால் ஷெல் அதை இரண்டு கோப்பு என்று எண்ணிவிடும். பெயரில் அரைப்புள்ளி இருந்தாலோ, அதற்குப் பின்னால் வருவது புதுக் கட்டளையாகவே ஓடும். கோப்பை அழிக்கும் கட்டளையாகக்கூட அது இருக்கலாம். பட்டியலாகப் போனால் ஷெல் குறுக்கே வருவதே இல்லை. ஒவ்வொரு சொல்லும் நாம் கொடுத்தபடியே அந்த நிரலிடம் போய்ச் சேரும்.

பட்டியலாகத் தருவது பாதுகாப்புக்காகப் பின்னால் ஒட்டவைத்த ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால் யூனிக்ஸில் ஒரு நிரலைத் தொடங்கும் எக்ஸெக் அழைப்பு கேட்பதே சொற்களின் வரிசையைத்தான். நாம் தட்டும் வரியைச் சொற்களாக உடைத்துக் கொடுப்பது ஷெல்லின் வேலை. பட்டியலைத் தரும்போது, கணினி உள்ளே கையாளும் வடிவத்தை நாமே நேராகத் தந்துவிடுகிறோம்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. நட்சத்திரக் குறியை விரித்துக் கோப்புகளைத் தேடித் தருவதும், 1973-இல் டக் மெக்கில்ராயின் வற்புறுத்தலால் யூனிக்ஸுக்கு வந்த, ஒரு நிரலின் பதிலை அடுத்த நிரலுக்குச் செலுத்தும் பைப்பைக் கோப்பதும் ஷெல்லின் கைவேலைகள். பட்டியலில் அவை நடக்காது. நாமே எழுதிய, மாறாத வரி என்றால் ஷெல்லை அழைப்பதில் தவறில்லை. நான் பெரும்பாலும் பதிலைப் பைத்தானுக்குள் கொண்டுவந்து அங்கேயே சலித்துக்கொள்கிறேன்.

கெடு வைக்கும் வசதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வலையில் உள்ள இன்னொரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று பிங் செய்யும்போது டைம்அவுட் 5 என்று சேர்ப்பேன். ஐந்து நொடிக்குள் முடியாவிட்டால் ரன் அந்த நிரலை நிறுத்திவிட்டுப் பிழையை எழுப்பும். ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துக் குறித்துக்கொண்டு அடுத்த கணினிக்குப் போகும்.