அதே அலமாரியில் இருந்த ஊசி

ரத்த வாந்தியோடு வருகிறவருக்கு எடுத்த எடுப்பில் ரத்தம் நிற்க 'டிரானெக்ஸா' ஊசி போடும் வழக்கத்தை, அண்மையில் மதுரையில் நடந்த ஒரு மருத்துவர் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் ஆதரித்துப் பேசினார். "சின்ன ஊரில் இருக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா?" என்றார். நல்ல கைதட்டல். எனக்குத் தட்ட மனம் வரவில்லை.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரிகளைக் குறை சொல்வது எளிது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டியூட்டி டாக்டர், ஒரு நர்ஸ். இரண்டு கையிலும் பெரிய வென்ஃப்ளானாகப் போட்டு, 108-ஐ வரவழைத்து, பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்று, குடல்புண்ணாகி, தார் போல மலம் போகிறவர்களில் பலர் அதிலேயே பிழைத்துவிடுகிறார்கள். சரி.

என் சண்டை ரெஃபர் சீட்டோடு. வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், அதே மூன்று வரி: டிரானெக்ஸா 1 கிராம், பான் 40, சலைன் மூன்று பாட்டில்.

விபத்துக் காயத்தில் டிரானெக்ஸா உயிர் காக்கும் என்று 2010-இல் கிராஷ்-2 ஆய்வு காட்டியது. அந்தப் பெயரை வயிற்றுக்கும் சேர்த்து எழுதிக்கொண்டோம். 2020-இல் வந்த ஹால்ட்-இட் ஆய்வு, 15 நாடுகளில் வயிற்று ரத்தப்போக்குள்ள 12,009 பேரிடம் அதைச் சோதித்துப் பார்த்தது. ஐந்து நாளுக்குள் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் இரு தரப்பிலும் 4 சதவீதம். சிரையில் ரத்தம் உறைந்தவர்களோ ஊசி போட்ட தரப்பில் 0.8, போடாத தரப்பில் 0.4. "அங்கே ஒரு நாளில் நாலு கிராம், நாங்கள் ஒன்றுதானே" என்பார்கள். தீங்கு குறையும் என்றே வைத்துக்கொள்வோம், பலனுக்கு ஆதாரம் எங்கே?

இருபது வருஷம் டாஸ்மாக்கில் குடித்துக் கல்லீரல் சுருங்கியவருக்கு உணவுக்குழாய்ச் சிரை புடைத்து வெடிக்கிறது. அவருக்கு டிரானெக்ஸா வேண்டாம் என்று 2022-இல் வெளியான பவேனோ நிபுணர் குழுவின் பரிந்துரையே சொல்லிவிட்டது. அவருடைய சாவைக் குறைப்பது ஆன்டிபயாடிக். செஃப்ட்ரியாக்ஸோன் ஒரு கிராம். சிரை அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் விலை அதிகம், ஸ்டாக் இல்லை என்றால் ஒப்புக்கொள்வேன். செஃப்ட்ரியாக்ஸோன் இல்லாத நர்சிங் ஹோம் உண்டா? சாதாரணக் காய்ச்சலுக்கே அள்ளிப் போடுகிற மருந்து, டிரானெக்ஸா இருக்கும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. ரத்தம் என்றதும் கை பக்கத்துப் பெட்டிக்குப் போகிறது. இதை அவசரம் என்கிறார்கள். நான் படிக்காத சோம்பல் என்பேன்.

மூன்று பாட்டில் சலைனும் அப்படித்தான். பிரஷர் விழுந்திருந்தால் ஏற்றத்தான் வேண்டும். ஏறிய பிறகும் ஓடவிட்டால் கல்லீரலுக்குப் போகும் சிரையில் அழுத்தம் கூடி, அடங்கிய இடம் மறுபடி திறக்கும். ரத்தத்துக்கும் இதே கதை. "நாலு பாட்டில் ஏத்துங்க சார்" என்று சொந்தக்காரர்கள் நெருக்குவார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றியவர்களில் ஆறு வாரத்தில் 95 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், 9-க்குக் கீழே போனதுமே ஏற்றியவர்களில் 91 என்று பார்சிலோனா ஆய்வு 2013-லேயே சொன்னது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, நாற்பது வயதுக்காரர் ஒருவர். மஞ்சளான கண், வீங்கிய வயிறு, மார்பு வரை ரத்தம் காய்ந்த சட்டை. சீட்டில் அதே மூன்று வரி. "ஆன்டிபயாடிக் ஏதாவது போட்டாங்களாப்பா?" என்று கூட வந்த பையனிடம் கேட்டேன்.

"ரத்தம் நிக்கிற ஊசி போட்டாச்சு சார்" என்றான்.