ஆள் திருநெல்வேலியிலிருந்து வரும்

1947இல் இரண்டு நாவல்கள் வெளிவந்தன. ஒன்று பிரெஞ்சில் ஆல்பெர் காம்யு எழுதிய ‘கொள்ளைநோய்’. இன்னொன்று மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை எழுதிய ‘தோட்டியின் மகன்’. முதல் நாவலின் ஊர் அல்ஜீரியாவின் ஓரான், இரண்டாவதன் ஊர் திருவிதாங்கூரின் ஆலப்புழை. இரண்டும் துறைமுகங்கள். இரண்டிலும் நகரசபை இருக்கிறது, ஊருக்குள் நோய் வருகிறது, ஜனங்கள் செத்து விழுகிறார்கள். ஆனால் காம்யுவுடையதை உலகமே கொள்ளைநோய் நாவல் என்கிறது, தகழியுடையதை அப்படி யாரும் சொல்வதில்லை. சாதி நாவல், தொழிற்சங்க நாவல், முற்போக்கு நாவல் என்றுதான் நாம் அதை வாசித்து வந்திருக்கிறோம். 2020இல் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தபோதும் பலரும் தேடிப் பிடித்தது காம்யுவைத்தான். அலமாரியில் பக்கத்திலேயே இருந்த தகழியை எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு நகரத்தின் சுகாதாரம் எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து காட்டும் நாவல் காம்யுவுடையதல்ல, தகழியுடையதுதான்.

எடுப்புக் கக்கூஸ் என்றால் இன்றைக்குப் பலருக்கு விளக்க வேண்டியிருக்கும். வீட்டின் பின்பக்கம் ஒரு சந்து, சுவரின் அடியில் ஒரு துவாரம், உள்ளே வாளியோ வெறும் தரையோ. விடிகிற நேரத்தில் ஒருவர் சந்து வழியாக வந்து அள்ளிக்கொண்டு போவார். அள்ளியது வண்டிக்குப் போகும், வண்டி ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்குப் போகும். வீட்டுக்காரர் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம். அப்படிப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் சந்தே வைத்தார்கள். தகழி கதையை அந்தச் சந்திலிருந்து சொல்கிறார். ஆலப்புழையின் கால்வாய்களும் கயிறு ஆலைகளும் கப்பல்களும் அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நாவலை அந்த அழகுகளின் பக்கம் திருப்பவில்லை. நோயில் விழுந்த இசக்கிமுத்து தன் வாளியையும் மண்வெட்டியையும் மகன் சுடலைமுத்துவிடம் கொடுக்கிறான். அவர்களுடைய சொத்தே அதுதான்.

நாவலில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் ஒன்று உண்டு. விமர்சனங்களில் அதற்கு அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை. தொற்றுநோய் வந்து தோட்டிகள் கொத்தாகச் சாகிறார்கள். ஊர் நாறத் தொடங்குகிறது. நகரசபை என்ன செய்கிறது? ஓவர்சியர் திருநெல்வேலிக்குப் போய்ப் புது ஆட்களைக் கூட்டி வருகிறார். அவ்வளவுதான், சிக்கல் தீர்ந்தது. செத்தவர்கள் ஏன் செத்தார்கள், அவர்களுக்குக் கையுறை உண்டா, மருந்து உண்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. ப்ளீச்சிங் பவுடர் தீர்ந்தால் இன்னொரு மூட்டை வாங்குவது போல மனிதர்களை வாங்கிக்கொள்கிறார்கள்.

காம்யுவிலும் கிட்டத்தட்ட இதே இடம் இருக்கிறது. ஓரானில் பிணம் சுமப்பவர்களும் குழி வெட்டுபவர்களும் ஒவ்வொருவராக நோயில் விழுகிறார்கள். இனி ஆளுக்கு எங்கே போவது என்று கவலைப்படுகிறார்கள். ஆனால் ஆள் பஞ்சம் வரவேயில்லை. நோயால் வியாபாரம் படுத்து வேலையிழந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், பயத்தைவிடப் பசி பெரியதாக இருக்கிறது. காம்யு இதை ஒரு குறிப்பாகச் சொல்லிவிட்டு டாக்டர் ரியூவிடம் திரும்பிப் போய்விடுகிறார். தகழி இதிலேயே தங்கிவிடுகிறார். ஒருவருக்கு ஒரு பத்தியாக இருப்பது இன்னொருவருக்கு நாவலாக ஆகியிருக்கிறது.

ஓரானில் சுகாதாரக் குழுக்களைத் தொடங்குபவன் தாரூ. கைதிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாம் என்று அதிகாரிகள் யோசிக்கும்போது, தானாக முன்வரும் மனிதர்கள் செய்வதே நல்லது என்கிறான். நல்ல வார்த்தைதான். ஆனால் முன்வருபவனுக்கு முன்வராமல் இருக்கவும் வழி உண்டு. சுடலைமுத்துவுக்கு அந்த வழி எங்கே இருக்கிறது? காம்யுவின் கேள்வி, ஒரு மனிதன் ஏன் இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது. தகழியின் கேள்வி, ஒரு மனிதனால் ஏன் இந்த வேலையை விட முடியவில்லை என்பது. ஓரான் நாவலில் அரபு மக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்ற குறை பல காலமாகச் சொல்லப்படுகிறது. அதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திருவிதாங்கூர் பொதுச்சுகாதாரத்தில் பின்தங்கிய சமஸ்தானம் அல்ல. அம்மை குத்துவது அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1879இல் அரசு ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் கைதிகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. கேரளத்தின் ஆரோக்கியத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்த வருஷத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமை ஊசியின் கதை. வாளியின் கதையும் அதே ஊரில் அதே காலத்தில்தான் நடந்தது. ஊசி போட்டவர்கள் அறிக்கை எழுதினார்கள், வாளி தூக்கியவர்களுக்கு எழுத யாரும் இல்லை. அம்பலப்புழைக் கோர்ட்டில் வக்கீலாக இருந்த தகழி அந்த இடத்தில் ஒரு நாவலை எழுதி வைத்தார்.

ஊரின் சுத்தம் சுடலைமுத்துவின் மனசுக்குள் எப்படிப் போய் உட்கார்கிறது என்பதில்தான் நாவலின் உச்சம் இருக்கிறது. தன் பிள்ளை தோட்டியாகக் கூடாது என்று அவன் சபதம் எடுக்கிறான். ‘மோகன்’ என்று பெயர் வைக்கிறான், ஊர் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறது. பெற்ற பிள்ளையைத் தொட்டுக் கொஞ்சவே அவனுக்குப் பயம், தன் கை பட்டால் பையனுக்கும் இது ஒட்டிக்கொள்ளுமோ என்று. ஊர் அவனை எந்தக் கண்ணால் பார்த்ததோ அதே கண்ணால் அவன் தன்னைப் பார்த்துக்கொள்கிறான். பணம் சேர்க்க வேண்டும் என்பதற்காகச் சங்கத்தைக் காட்டிக்கொடுக்கிறான், சேர்மனை நம்பிக் காசை அவரிடமே கொடுத்து வைக்கிறான். நாம் அவனை வெறுத்துவிட முடியாதபடி தகழி எழுதியிருக்கிறார். கடைசியில் அவனையும் வள்ளியையும் நோய் கொண்டுபோகிறது. வாளி மோகனுக்கு வருகிறது.

குறையும் உண்டு. கூலி, சங்கம், மரியாதை என்று எல்லாவற்றையும் பேசும் நாவல் வாளியே இல்லாத ஊரைக் கற்பனை செய்து பார்ப்பதில்லை. எடுப்புக் கக்கூஸை ஏன் ஒழிக்கக் கூடாது என்ற கேள்வியை அதில் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. புன்னப்பிர-வயலார் எழுச்சி 1946இல் ஆலப்புழையைச் சுற்றித்தான் நடந்தது. அந்தச் சூட்டில் எழுதப்பட்ட நாவலுக்கு ஊர்வலத்தின் முன்னால் போகும் மோகன் இயல்பாகவே கிடைத்துவிட்டான். கொடி வந்ததும் கக்கூஸ் மறந்துபோகிறது. தோட்டி தொழிலாளி ஆனால் போதுமா, தோட்டி என்ற வேலையே போக வேண்டாமா என்ற இடம் வரைக்கும் தகழி வரவில்லை.

சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் ஐம்பதுகளில் ‘சரஸ்வதி’யில் வந்தது. புத்தகமாக வர 2000 ஆகிவிட்டது. இந்த மொழிபெயர்ப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. இசக்கிமுத்து, சுடலைமுத்து, பிச்சாண்டி, வள்ளி என்று பெயர்களே சொல்லிவிடுகின்றன, இவர்கள் நம்ம ஊர் ஜனங்கள். பிழைப்புக்காக மலையாளத்துக்குப் போனவர்கள் சு.ரா. வழியாக வீடு திரும்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களை நாம் எங்கே உட்கார வைத்தோம் என்பதுதான் கேள்வி. தமிழ் வாசகர் இந்த நாவலைக் கேரளத்துக் கொடுமையாக வாசித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஓவர்சியர் ரயிலேறி வந்தது நம் ஊருக்குத்தான். கூப்பிட்டதும் போகும் நிலையில் அவர்களை வைத்திருந்தது இந்த மண்தான்.

அம்மை உலகத்தை விட்டே போய்விட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது, அது போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. தோட்டி என்ற சொல் போய்த் துப்புரவுப் பணியாளர் வந்தது, அதுவும் போய்த் தூய்மைப் பணியாளர் வந்தது. ஆனால் சாக்கடைக் குழிக்குள் மூச்சுமுட்டிச் செத்தவர்களைப் பற்றிய செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மறுநாள் அந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிடுவார். ஓவர்சியர்கள் இப்போது திருநெல்வேலி வரை போக வேண்டியதில்லை, ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.