இ.பா.: நாவலில் நழுவியதை மேடையில் பிடித்தவர்

இந்திரா பார்த்தசாரதியைப் பற்றிய பேச்சு விருதுப் பட்டியலில் தொடங்கி, பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடுகிறது. 1977இல் சாகித்ய அகாதமி, 1999இல் சரஸ்வதி சம்மான், 2004இல் சங்கீத நாடக அகாதமி, 2010இல் பத்மஸ்ரீ. ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஆட்டம் விளங்காது என்பது இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அவர் எங்கே நின்று ஆடினார், எங்கே சறுக்கினார் என்று பார்ப்போம். அப்படிக் கேட்கத் தஞ்சைக்காரர்களுக்குக் கூடுதல் உரிமையும் உண்டு. அவருடைய முக்கியமான இரண்டு படைப்புகளின் கதை நம் வயல் வரப்புகளில் நடந்தது.

1930இல் சென்னையில் பிறந்தாலும் வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணம். பள்ளியில் அவருக்குப் பாடம் எடுத்தவர் தி. ஜானகிராமன். அந்த வாத்தியாரும் நாவலோடு நிற்காமல் ‘நாலு வேலி நிலம்’ என்று நாடகம் எழுதியவர்தான். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தில்லியில் தமிழ்ப் பேராசிரியர் வேலை, 1980களில் போலந்தின் வார்சா, அதன்பின் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி. மனைவி பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு எழுதினார். ஊரைவிட்டுப் போனவர்தான். ஆனால் எழுத்தில் திரும்பத் திரும்ப இங்கே வந்தார்.

முதலில் ‘குருதிப்புனல்’. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அப்போது அது கீழத்தஞ்சை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். அதற்காக ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சம்பவம் நடந்து ஏழு ஆண்டுகள் ஆவதற்குள் அதை நாவலாக்கத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை யாரும் மறுக்க முடியாது.

நாவலின் தொடக்க ஓவர்கள் அருமை. தில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரைப் படிக்கிறார்கள். சாதி எப்படிப் பேசுகிறது, பண்ணையார் வீட்டு நிழல் எதுவரை நீள்கிறது என்பதெல்லாம் அலட்டலில்லாமல் விழுகிறது. பிறகுதான் சிக்கல். கண்ணையா நாயுடுவின் குரூரத்துக்குக் காரணம் தேடும் நாவலாசிரியர் அவருடைய ஆண்மைக் குறைவில் போய் நிற்கிறார். கூலிக்கும் கொடிக்கும் நடந்த சண்டை ஒரு தனிமனிதனின் படுக்கையறை நோயாகச் சுருங்கிவிடுகிறது. இடதுசாரிகள் அன்றைக்கே இதைக் கடுமையாகச் சொன்னார்கள். இவ்விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நியாயம். நாயுடு ஆரோக்கியமாக இருந்திருந்தால் அந்தக் குடிசை எரிந்திருக்காதா? நெல் அளக்கும் களத்திலேயே பதில் கிடைக்கும் கேள்விக்கு எதற்காக மனோதத்துவம்? தில்லியிலிருந்து வந்த இரண்டு பேரும் ஓயாமல் விவாதிக்கிறார்கள். எரிந்துபோனவர்களின் குரல் அந்த விவாதத்துக்கு இடையில் மெல்லியதாகத்தான் கேட்கிறது. 1983இல் ஸ்ரீதர்ராஜன் இந்த நாவலைக் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று படமாக்கி, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதையும் வாங்கினார்.

அதே ஆள், அதே நெருப்பு, சில ஆண்டுகளில் ‘நந்தன் கதை’. இங்கேதான் இ.பா. முழு வீச்சில் ஆடினார் என்பது என் கணிப்பு.

நந்தன் கதைக்கு நம் பக்கத்தில் பழைய ஓட்டம் உண்டு. பெரிய புராணத்தில் அவர் ஆதனூர்க்காரர், திருப்புன்கூரில் நந்தி விலக, தில்லையில் தீயில் இறங்கி முனிவராக வெளியே வருகிறார். அங்கே பண்ணையார் என்று யாரும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் வேதியர் என்ற நிலக்காரரைக் கொண்டுவந்தார். நாற்பது வேலியையும் ஒரே இரவில் அறுவடை செய்துவிட்டுச் சிதம்பரம் போ என்ற நிபந்தனையும் அவர் சேர்த்ததுதான். வேலிக்கு ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் 260 ஏக்கருக்கு மேல். டெல்டாவில் அறுவடை பார்த்தவர்களுக்கு அந்த நிபந்தனையின் குரூரம் உடனே உறைக்கும். பாரதியார் பக்தியைப் பாடப்போய், கூலியாளின் நிலைமையையும் பாடிவிட்டார்.

இ.பா. அதற்கடுத்த அடியை எடுத்து வைக்கிறார். அவருடைய நந்தன் சோதியில் கலப்பதில்லை. மேல்சாதிக்காரர்கள் கூடிப் பேசி மூட்டிய தீ அது. நந்தனின் பக்தியையே தூண்டிலாக்கி அவனை அங்கே அழைத்துப் போகிறார்கள். இத்தனையையும் அவர் வசனத்தால் மட்டும் நிறுவவில்லை. பறையாட்டத்தையும் தேவதாசி அபிராமியின் பரதத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறார். தன் மக்களின் பறையை விட்டு அந்தப் பரதத்தில் மயங்குகிறானே நந்தன், அந்த மயக்கத்தில் சமூக வரலாறே இருக்கிறது. எந்தக் கலை உயர்ந்தது என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வியைக் கால்களும் தோலும் கேட்கின்றன. குருதிப்புனலில் பக்கம் பக்கமாக விவாதித்தும் வராத கோபம், பறை அதிரும் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. இங்கே யாருக்கும் ஆண்மைக் குறைவு தேவைப்படவில்லை. அதிகாரம் எப்படி வேலை செய்கிறதோ அப்படியே மேடையில் தெரிகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இலங்கையில் ஒருவர் இருந்தார். எதிரிவீர சரச்சந்திர, 1914இல் பிறந்த சிங்கள நாடகாசிரியர். அவரும் பேராசிரியர், அவரும் நாவலாசிரியர். 1956இல் ‘மனமே’, 1961இல் ‘சிங்கபாகு’. ஜப்பானில் நோ, கபுகி நாடகங்களைப் பார்த்துவிட்டு வந்து, தன் நாட்டுக் கிராமத்து ‘நாடகம’ மரபைத் தேடிப் போனார். அந்த மரபுக்குத் தமிழ்க் கூத்தோடு உறவு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்ததைப் பார்த்த சு. வித்தியானந்தன் 1960களில் ஈழத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். சரச்சந்திரவின் பலம் பாட்டு. நாடகம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் வாயில் பாட்டு ஒட்டிக்கொண்டு போனது. இ.பா.வின் பலமும் பலவீனமும் பேச்சு. ‘நந்தன் கதை’யில் மட்டும் ஆட்டத்துக்கும் தாளத்துக்கும் முழு இடம் விட்டார், ஜெயித்தார்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். ‘மழை’ ஒரு வீட்டுக்குள் புழுங்கும் நாடகம், நல்ல நடிகர்கள் கிடைத்தால் இன்றும் நிற்கும். ‘ஔரங்கசீப்’ முழுக்கப் பேச்சுதான், ஆனால் அரியணைக்காக நடக்கும் பேச்சு. ஒவ்வொரு வரியும் ஒரு காய் நகர்த்தல் என்பதால் அலுக்கவில்லை. கே.எஸ். ராஜேந்திரன் இயக்கத்தில் இந்தி மேடைக்கும் போய்ச் சேர்ந்தது. சரஸ்வதி சம்மான் வாங்கிக்கொடுத்த ‘ராமானுஜர்’ படிக்க நன்றாக இருக்கும். மேடையில் அதன் வாதங்கள் கொஞ்சம் கனக்கும் என்றுதான் நினைக்கிறேன். வைணவத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர் எழுதியது, எதையும் விட அவருக்கு மனசு வந்திருக்காது.

நம் பக்கத்துக்கு நாடகம் புதிதல்ல. நடிகை பாலாமணியின் நாடகம் பார்க்கத் தனி ரயில் விட்ட ஊர் கும்பகோணம். ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூரில் பாகவத மேளம் நடக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறையே இருக்கிறது. சே. இராமானுஜம் பாடம் சொல்லிக்கொடுத்த துறை அது. இத்தனை இருந்தும் இ.பா.வின் நாடகங்களை நாம் புத்தகமாகத்தான் அதிகம் அறிந்திருக்கிறோம். ‘நந்தன் கதை’க்குப் பெரிய செட் வேண்டாம். பறைக் குழு ஒன்று, பரதம் தெரிந்த ஒருவர், பத்துப் பதினைந்து இளைஞர்கள், ஒரு திடல் போதும். ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் கீழ்வெண்மணி நினைவிடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அந்த வாரத்தில் நாகையிலோ திருவாரூரிலோ ‘நந்தன் கதை’யை மேடையேற்றக் கல்லூரி நாடகக் குழுக்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இப்போதே ஒத்திகையைத் தொடங்க வேண்டும்.