வென்றால் பூச்சியம், தோற்றால் ஐம்பது

செஸ்ஸில் உள்ளதுபோல மேசைப்பந்துக்கும் ரேட்டிங் வேண்டும், அப்போதுதான் ஏறாவூர்ப் பொடியன் கொழும்புப் பொடியனுக்குப் பக்கத்தில் எங்கே நிற்கிறான் என்று தெரியும் என்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. சீட்டுக் குலுக்கி அட்டவணை போடுவதால் பலமான இருவர் முதல் சுற்றிலேயே மோதி, ஒருவர் கால்மணி நேரத்தில் வீடு போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரேட்டிங் அதைத் தடுக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த எண்ணில் குறைகளும் உண்டு. ஒரே ஊரில் தமக்குள்ளேயே ஆடும் சிலர் புள்ளிகளையும் தமக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். இங்கத்தைய 1500 கொழும்பின் 1500 ஆகாது. கச்சான் காற்று வீசும் மண்டபத்தில் 2.7 கிராம் பந்தை அடித்து எடுத்த எண்ணுக்கு என்ன துல்லியம் என்றும் கேட்கலாம். அதையெல்லாம் கணக்குக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் சண்டை வேறு.

அமெரிக்க மேசைப்பந்துச் சங்கத்தின் புள்ளி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். சமபலமான இருவர் ஆடினால் வென்றவருக்கு 8 கூடும், தோற்றவருக்கு 8 குறையும். வித்தியாசம் 238 அல்லது அதற்கு மேல் என்றால், பலமானவர் வென்றாலும் அவருக்குக் கிடைப்பது பூச்சியம். தோற்றால் 50 போய்விடும். ஆர்பட் ஈலோ செஸ்ஸுக்கு வகுத்த கணக்கின் வழிவந்தது இது. கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இதைப் படித்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் பதினான்கு வயதுப் பொடியனோடு ஏன் ஆட வேண்டும்?

அவர் ஆடாவிட்டால் போவது என்ன? நீண்ட பிம்பிள்ஸ் றப்பர் ஒட்டிய மட்டையோடு வரும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் அநேகமாக எல்லா மண்டபத்திலும் இருப்பார். பொடியன் மேற்சுழற்சி கொடுத்து அடிப்பான். அந்த றப்பர் சுழற்சியை மாற்றாமல் பந்தை மட்டும் திருப்பி அனுப்பும். அவனுக்கு அது கீழ்ச்சுழற்சியாக வந்து சேரும். அதே வேகத்தில் மறுபடி அடிப்பான், பந்து வலைக்குள். மறுபடியும் வலைக்குள். எந்தப் பந்தைத் தூக்கி எடுப்பது, எதைத் தட்டி விடுவது என்று கை பழகும்வரை அவரிடம் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். பாடசாலைப் போட்டியில் வயதொத்தவர்களோடு ஆடி இதைக் கற்க முடியாது. “காக்கா, ஒரு கேம் போடுவமா?” என்று கேட்டால், காக்கா தன் புள்ளியை நினைத்துக்கொண்டு முழங்கால் வலி என்பார்.

வேகமாக வளரும் சிறுவனின் எண்ணைத் திருத்த வழி உண்டே என்பார்கள். உண்டு. ஒரு சுற்றுப்போட்டியில் ஒருவருக்கு ஐம்பதுக்கு மேல் புள்ளி ஏறினால், அவருடைய பழைய எண்ணையே உயர்த்திவிட்டு மற்றவர்களின் இழப்பைக் கணிக்கிறார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அது ஆட்டம் முடிந்த பிறகு வருவது. பயம் அட்டவணை ஒட்டும்போதே வந்துவிடுகிறது. “1200க்குக் கீழ்” என்று பிரிவு வைத்துப் பரிசும் கொடுத்தால் இன்னொரு சங்கதி நடக்கும்: 1190இல் நிற்பவர் வெல்லவே மாட்டார்.

மேலே இருப்பவர்களுக்கும் இந்தத் தலையிடி தீரவில்லை. சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் 2018 ஜனவரியில் உலகத் தரவரிசையின் முறையை மாற்றி, சிறந்த எட்டு முடிவுகளைக் கூட்டத் தொடங்கியது. வீட்டில் இருந்து இடத்தைக் காப்பாற்ற முடியாது, ஆடாதவர் இறங்குவார். அதோடு நின்றதா? பங்கேற்காதவர்களுக்கு அபராதம் வந்தது. அதைச் சொல்லி, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற ஃபான் ஜென்டொங்கும் சென் மெங்கும் 2024 டிசம்பரில் தரவரிசையிலிருந்தே விலகினார்கள். தொழில்முறைக்காரர்களை அபராதம் போட்டாவது மேசைக்கு இழுக்கலாம். கடையைப் பூட்டிவிட்டு ஆட வருபவரை எதைக் காட்டி இழுப்பீர்கள்?

அட்டவணைக்காகத்தான் எண் என்றால், போன முறை அரையிறுதி கண்ட நால்வரை நான்கு மூலையில் வைத்தால் போதும். ஒரு தாளும் பேனையும், அந்த நால்வரையும் தெரிந்த ஒருவரும் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத மண்டபத்தை நான் இந்தப் பக்கத்தில் கண்டதில்லை.