விதி என்னும் சொல்லும் இருபது முகப் பகடையும்

1

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக மயிலாப்பூர் வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். ஏணி வந்தால் ஏற வேண்டும், பாம்பு கொத்தினால் இறங்க வேண்டும். ஆடுகிறவர் முடிவு செய்வதற்கு அதில் எதுவுமே கிடையாது. புண்ணியம் ஏற்றும், பாவம் இறக்கும் என்ற கர்மக் கோட்பாட்டைக் கட்டம் போட்டுக் குழந்தைகள் கையில் கொடுத்திருக்கும் பிரதி அது. நவராத்திரி வந்தால் அதே வீடுகளில் கொலு. கீழ்ப்படியிலிருந்து உயிர்களின் வரிசை, உச்சியில் தெய்வம். எந்தப் பொம்மையும் தன் படியை விட்டு ஏறுவதில்லை. மேசையளவு இடத்தில் ஒரு பிரபஞ்சத்தை அடுக்கி வைத்து, அந்த அடுக்கை இயல்பானதாக்குவது தென்சென்னைக்குப் புதிதல்ல.

இப்போது அதே தெருக்களுக்குப் பக்கத்தில் வேறொரு மேசை. அடையாறு, தி. நகர் அடுக்குமாடி வீடுகளில் நாலைந்து பேர் கூடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். அவருக்கு 'டஞ்சன் மாஸ்டர்' என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்கிறார்கள். 'கதவு பூட்டியிருக்கு, உள்ளே யாரோ முனகுற சத்தம் கேக்குது. நீ என்ன பண்றே?' என்று நடத்துகிறவர் கேட்பார். ஆடுகிறவர் பதில் சொல்வார். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஜெயித்தவர் தோற்றவர் என்று யாருமில்லை. ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும்.

இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். 'வசதியான பிள்ளைங்க இங்கிலீஷ்ல ஆடுற ஆட்டம் தோழர், இதுல நமக்கு என்ன இருக்கு?' அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இக்கட்டுரை.

2

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய இந்த ஆட்டம் வெளிவந்தது. இதற்கு மூலம், பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டுகள். தளபதியின் உயரத்திலிருந்து ஆடுகிறவரை இறக்கி ஒற்றை ஆளின் உடலுக்குள் நுழைத்தது இவர்கள் செய்த மாற்றம். அதே 1974இல், பிரேசிலின் ராணுவ ஆட்சியில் சிறைப்பட்டுப் பின் நாட்டை விட்டு வெளியேறிய அகஸ்டோ போவாலின் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' நூல் புவனோஸ் ஐரிஸில் வெளியானது. இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனால் இரண்டுமே சும்மா பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டன: நீயாக இருந்தால் என்ன செய்வாய்? 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையையும் அதன் பின் தெருவுக்கு வந்த நாடகங்களையும் அறிந்தவர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதாக இருக்க முடியாது. ஆகவே வடிவத்தை ஏளனம் செய்து ஒதுக்குவதில் அர்த்தமில்லை. 'நீ' என்று அழைக்கப்படும் அந்தத் தன்னிலை எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஆடத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு தாளை நிரப்புகிறார்கள். பலம், லாவகம், தாங்குசக்தி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 'அரை ஓர்க்' ஆகப் பிறந்தால் பலத்தில் ஒன்று கூடும், வசீகரத்தில் இரண்டு குறையும். இதற்கெல்லாம் 'இனம்' என்று தலைப்பு. பிறப்பால் குணம் என்று நம்மிடம் யாராவது வாய்திறந்து சொன்னால் சண்டைக்குப் போய்விடுவோம். இங்கே அது கூட்டல் கழித்தல் கணக்காக இருந்ததால் வெகுகாலம் கண்ணில் உறுத்தவில்லை.

பிறகு எதிர்ப்பு வந்தது. 2024 கையேட்டில் 'இனம்' போய் 'உயிரினம்' வந்தது. குணங்களைக் கூட்டும் எண்களும் பிறப்பிலிருந்து பிரிக்கப்பட்டுப் 'பின்னணி'க்கு மாற்றப்பட்டன. சாகசத்துக்குக் கிளம்புமுன் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது பின்னணி. அமெரிக்க வாசகருக்கு இது முன்னேற்றமாகப்படலாம். மயிலாப்பூரில் உட்கார்ந்து வாசித்தால் என்ன ஆகிறது? கோயில் ஊழியத்திலிருந்து வருகிறவர் புத்தி, விவேகம், வசீகரம் ஆகியவற்றில் கூட்டிக்கொள்ளலாம். விவசாயி பலம், தாங்குசக்தி, விவேகம் ஆகியவற்றில் கூட்டிக்கொள்ளலாம். விவசாயியின் பட்டியலில் புத்தி இல்லை. பிறப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொழிலை வைத்திருக்கிறார்கள். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குவது வேறு என்று 1936இல் அம்பேத்கர் விளக்கிய ஒரு சமூகத்தில், தொழிலே பிறப்பாக இருக்கும் ஒரு சமூகத்தில், இந்தத் திருத்தம் சுற்றிச் சுழன்று புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது.

3

நண்பர் ஒருவரின் மகள் என்னை அடையாறில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனாள். 'சும்மா உக்காந்து பாருங்க அங்கிள், போரடிச்சா கிளம்பிடலாம்.' கீழே காவலாளி பெயரும் நேரமும் எழுதச் சொன்னார். மேலே ஐந்து பேர், எல்லோருக்கும் இருபது சொச்சம் வயது. ஒருவன் அரை ஓர்க் வேடம் எடுத்திருந்தான். அதற்கென்று குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, ஆங்கிலத்தை வேண்டுமென்றே உடைத்து உடைத்துப் பேசினான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த உடைந்த ஆங்கிலம் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. யோசித்தால், ஊரிலிருந்து படிக்க வந்த முதல் வருஷம் கல்லூரியில் நான் பேசிய ஆங்கிலம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதையில் ஒரு சத்திரம் வந்தது. அங்கே கஞ்சி ஊற்றும் பணிப்பெண்ணின் பெயர் என்ன என்று ஒருத்தி கேட்டாள். நடத்துகிறவர் அப்போதே ஒரு பெயர் வைத்தார், ஊர் வைத்தார், காணாமல்போன ஒரு தம்பியையும் வைத்தார். கதை அந்தத் தம்பியைத் தேடித் திரும்பிவிட்டது. நேர்த்தியான கணம் அது. எளிய மனுஷி ஒருத்தி மையத்துக்கு வந்துவிட்டாள். அதே நேரம் அந்த வீட்டில் வேலை செய்யும் அம்மா எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4

தமிழில் 'விதி' என்ற சொல் ஆட்டத்தின் சட்டத்தையும் குறிக்கும், தலையெழுத்தையும் குறிக்கும். பரமபதத்தில் இரண்டும் ஒன்றேதான். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடுவார்கள். அங்கே பகடை விழுந்து முடிந்த பிறகு சபையில் ஒரு பெண் எழுந்து கேட்கிறாள்: தன்னை முதலில் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? விழுந்த எண்ணைப் பற்றி அவள் பேசவில்லை. ஆட்டத்தின் விதியைப் பற்றிக் கேட்கிறாள். அதற்குச் சபையிலிருந்த பெரியவர்களிடம் பதிலில்லை. தலையெழுத்தாகிப்போன விதியை மறுபடி சட்டமாக்கி, விவாதத்துக்கு இழுத்த கேள்வி அது.

இந்த ஆட்டத்திலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து யாரும் இதன் விதிகளைப் பயன்படுத்திப் புதிய கதைகளை வெளியிடத் திறந்த உரிமம் ஒன்று இருந்தது. 2023 ஜனவரியில் உரிமையாளரான நிறுவனம் அதை இறுக்க முயன்றது. ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்து சந்தாக்களை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கி, 400 பக்கத்துக்கு மேற்பட்ட அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாளும்படி பொது உரிமத்தில் விட்டது. மூலத்தின் பெயரைச் சொன்னால் போதும். மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். அதற்கு முந்தைய வருஷம், 2022இல், இதே ஆட்டத்துக்காக வந்த தொகுப்பொன்றில் தலித் எழுத்தாளர் மிமி மண்டல் வங்காளத்து ஆறும் காடும் சாயல்காட்டும் ஒரு சாகசத்தை எழுதினார். எனவே 'இது அவங்க ஆட்டம்' என்ற பேச்சு இனி செல்லாது.

புதிதாகப் பின்னணிகளை உருவாக்கிக்கொள்ள நடத்துகிறவருக்கான 2024 கையேடே இடம் தருகிறது. ஆடத் தெரிந்த இளைஞர்கள் விதிகளைத் தமிழில் எழுதட்டும், மேசை அடுக்குமாடியிலிருந்து இறங்கி நூலகத்துக்கும் சங்கக் கட்டடத்துக்கும் வரட்டும் என்று சொல்வது எளிது. எழுத உட்காரும்போது ஒரு தாளில் 'துப்புரவுத் தொழிலாளியின் மகள்' என்று பின்னணி வரும். அவளுடைய எந்தக் குணத்துக்கு என்ன எண் போடப் போகிறோம்? அதை முடிவு செய்யும் மேசையில் அவள் உட்கார்ந்திருப்பாளா, டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாளா?