எதிர்த்தரப்பின் மேசையில் சாட்சியம்

பிராட் ஃபர்மன் இயக்கிய ‘சிட்டி ஆஃப் லைஸ்’ (2018) படத்தில், கொலையுண்ட ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் தாய் வொலெட்டா வாலஸ் தாமாகவே தோன்றுகிறார். சிறிது நேரம்தான். படத்தின் பாரத்தைச் சுமப்பவர்கள் இரண்டு ஆண்கள்: காவல்துறையிலிருந்து விலகிய துப்பறிவாளர் ரஸ்ஸல் பூல், அவரைத் தேடிவரும் பத்திரிகையாளர். பூலின் நேர்மையை நான் மறுக்கவில்லை. ஆணுக்குத் தேடல், தாய்க்குத் துயரம் என்ற பங்கீட்டோடுதான் என் சண்டை.

1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் அந்தப் பாடகர் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 24. அந்நகரக் காவலர்கள் சிலர், பணிநேரம் போக மீதி நேரத்தில், போட்டி இசை நிறுவனமான டெத் ரோவுக்குப் பாதுகாவலர்களாகக் கூலிக்குப் போனது வெளியே வந்தது. கொலையில் காவலர்களுக்குப் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் துப்புத் துலக்க வேண்டிய துறையே சந்தேகத்துக்குரிய இடத்திலும் நின்றது.

வொலெட்டா ஜமைக்காவில் பிறந்தவர். நியூயார்க்கில் ஆசிரியையாக வேலைபார்த்து மகனைத் தனியாளாக வளர்த்தவர். 2002இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மீதே வழக்குப் போட்டார். பாடகரின் மனைவி ஃபெய்த் எவன்ஸும் வழக்கில் சேர்ந்தார். ஒப்பாரிக்கு எந்த ஊரிலும் தடையில்லை. கோப்பைக் காட்டு என்று கேட்கும் பெண்ணிடம்தான் அதிகாரம் முகம் திருப்பிக்கொள்கிறது.

2005இல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, சிறைக்கைதி ஒருவர் சொன்ன தகவல்கள் அடங்கிய ஆவணங்கள் துப்பறியும் அதிகாரி ஒருவரின் மேசையிலிருந்து வெளிவந்தன. மறந்துவிட்டேன் என்றார் அவர். நீதிபதி ஃப்ளாரன்ஸ்-மேரி கூப்பர் அதை ஏற்கவில்லை. வேண்டுமென்றே மறைக்கப்பட்டவை என்று கண்டு, அந்த விசாரணையையே ரத்துசெய்தார். வாலஸ் குடும்பத்தின் வழக்குச் செலவுக்காக 11 லட்சம் டாலர் கட்டுமாறு 2006இல் நகரத்துக்கு உத்தரவிட்டார்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகியின் சாட்சியம் கேட்டதும் அவள் முன் வைக்கப்படுகிறது. அவையில் உடைத்துக் காட்ட முடிகிறது. வொலெட்டாவின் சாட்சியமோ எதிர்த்தரப்பின் மேசைக்குள் கிடந்தது. அதை வெளியே இழுத்தது கண்ணீரல்ல, அவர் தொடுத்த வழக்கு. நான் எழுதியிருந்தால் படத்தை அந்த மேசையிலிருந்துதான் தொடங்கியிருப்பேன்.

தீர்ப்பு ஏதுமின்றி 2010இல் வழக்கு முடிந்தது. 2025 பிப்ரவரியில் வொலெட்டா இறக்கும்வரை, மகனைக் கொன்றதாக ஒருவர் மீதுகூடக் குற்றம் பதிவாகவில்லை.