வேர்ட் பவர் மேட் ஈஸி: தமிழ் மாணவர் நோக்கில் ஒரு மதிப்பீடு

'வேர்ட் பவர் மேட் ஈஸி' அமெரிக்க ஆசிரியர் நார்மன் லூயிஸ் (1912–2006) எழுதி 1949-ல் வெளிவந்த ஆங்கிலச் சொல்வள நூல். இலத்தீன், கிரேக்க வேர்களைக் கொண்டு கடினமான ஆங்கிலச் சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் கற்பிப்பது இதன் முறை. இந்தியாவில் மலிவுப் பதிப்பாகக் கிடைக்கும் இந்நூல் வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. தேர்வு, வெளிநாட்டு மேற்படிப்புத் தேர்வு ஆகியவற்றுக்குப் படிப்போரிடம் நீண்டகாலமாகப் புழங்கி வருகிறது. சென்னையின் தென்புறத்தில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் இத்தகைய மாணவர்கள் மிகுதி. பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்துவிட்டுக் கல்லூரியில்தான் முதன்முதலாக ஆங்கிலத்தோடு மல்லுக்கு நிற்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு இந்நூல் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

நூலின் முறை

லூயிஸ் வெறும் பட்டியல் தருவதில்லை. முதல் பாடம் மனித இயல்புகளைப் பற்றியது. தன்னலமே பெரிதென்று இருப்பவர், பிறர்நலம் பேணுபவர், தன்னுள் ஒடுங்குபவர், எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுபவர் என்று பத்து வகை மனிதர்களை முதலில் சில வரிகளில் காட்டுகிறார். பிறகுதான் 'ஈகோயிஸ்ட்', 'ஆல்ட்ரூயிஸ்ட்', 'இன்ட்ரோவெர்ட்', 'எக்ஸ்ட்ரோவெர்ட்' என்ற சொற்கள் வருகின்றன. வேர்கள் அதற்கும் பின்னால்: 'ஈகோ' என்றால் நான், 'ஆல்ட்டர்' என்றால் மற்றவர், 'வெர்ட்டோ' என்றால் திருப்புதல். படித்தவர் மறந்துபோவார் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அதே சொல்லை உச்சரிக்கச் சொல்லி, கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்லி, நாலு பக்கம் தள்ளி மறுபடியும் கேட்கிறார். வகுப்பறையில் நின்று பழகியவரின் வரிசை இது.

இந்நூலின் பெயரைச் சொல்லிப் புழங்கும் நகல் தாள்கள் பல இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. 'போர்ட் – சுமத்தல், ஸ்பெக்ட் – பார்த்தல்' என்று வேர்கள் மட்டும் அடுக்கடுக்காக இருக்கும். வாக்கியம் ஒன்றுகூட இராது. மாணவர் அதை நெட்டுருப் போடுகிறார். நூலின் மீது சொல்லப்படும் குறைகளில் பாதி உண்மையில் இந்தத் தாள்களின் குறைகள்.

தமிழிலக்கணம் தரும் உதவி

வேர் முறை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணமே அது. சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பிரிக்கக் கற்றவருக்கு 'டிரான்ஸ்போர்ட்' என்பதை 'அப்பால்' என்றும் 'சுமத்தல்' என்றும் பிரிப்பது எளிது. ரயில் நிலையத்து 'போர்ட்டர்', துறைமுகத்து 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' மூன்றும் உடன்வரும். 'இன்ஸ்பெக்டர்' உள்ளே பார்ப்பவர். 'ரெஸ்பெக்ட்' திரும்பிப் பார்ப்பது. 'சஸ்பெக்ட்' கீழிருந்து பார்ப்பது.

புணர்ச்சியும் அப்படியே. எதிர்மறை தரும் 'இன்' என்னும் முன்னொட்டு 'பாசிபிள்' முன் 'இம்' என்றும், 'லீகல்' முன் 'இல்' என்றும், 'ரெகுலர்' முன் 'இர்' என்றும் திரிகிறது. 'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது மகரம் திரிந்து 'மரங்கள்' ஆவது எதனாலோ, இதுவும் அதனால்தான்: வரும் எழுத்துக்கு இசைய நின்ற எழுத்து மாறுகிறது. அமெரிக்க வாசகருக்கு எழுதிய லூயிஸிடம் இந்த ஒப்பீட்டை எதிர்பார்க்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் இதைக் கற்பிப்பவர்களும் இதைத் தொடாமல் 'இம்', 'இல்', 'இர்' என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் சுமை.

ஆம்னி பஸ்

இரவில் பெருங்களத்தூரில் தென்மாவட்ட வண்டிக்குக் காத்து நின்றவர்களுக்கு 'ஆம்னி பஸ்' என்ற சொல் நன்றாகத் தெரியும். வேர் முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. இலத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. 'எல்லா' என்ற பொருளுடைய 'ஆம்னி' பகுதி. 'பஸ்' நம் 'கு' உருபைப் போன்ற நான்காம் வேற்றுமைப் பன்மை ஈறு. 1820-களில் பிரான்சின் நாந்த் நகரில் கட்டணம் கொடுத்து எவரும் ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. 1829-ல் லண்டனிலும் அது ஓடியது. ஆங்கிலேயர் வாய்வழக்கில் சொல்லைச் சுருக்கியபோது பகுதியை விட்டுவிட்டு ஈற்றை வைத்துக்கொண்டார்கள். அதாவது, 'எல்லோருக்கு' என்பதில் 'எல்லோர்' விழுந்து 'க்கு' மட்டும் ஊர்தியின் பெயராக நின்றுவிட்டது! தமிழ்நாட்டு வழக்கோ பழைய 'ஆம்னி'யை மறுபடி முன்னே ஒட்டி, தனியார் நெடுந்தூரப் பேருந்துக்கு மட்டும் உரியதாக்கியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இன்னொரு பொருள்: ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அமைந்த எந்த மோட்டார் வண்டியும் 'ஆம்னிபஸ்'.

வேர் ஒன்று சொல்கிறது, சட்டம் ஒன்று சொல்கிறது, தெரு வேறொன்று சொல்கிறது. தீபாவளிக்கு முந்தின இரவுக் கட்டணத்தைக் கேட்பவருக்கு 'எல்லோருக்கும்' என்ற வேர்ப்பொருள் கேலியாகக்கூடப் படும்.

காரணமும் இடுகுறியும்

லூயிஸின் நூல் போதிய அழுத்தம் தராத இடம் இது. சொல்லைப் பிரித்தால் பொருள் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை வாசகர் மனத்தில் படிகிறது. நன்னூல் மரபில் வந்தவர் இதில் ஏமாற வேண்டியதில்லை. நான்கு கால் இருப்பதால் நாற்காலி. ஆனால் மேசைக்கும் நான்கு கால், மாட்டுக்கும் நான்கு கால். காரணம் பற்றிப் பிறந்தாலும், இன்ன பொருளுக்குத்தான் என்று வழக்கு வரையறுத்துவிட்டது. ஆங்கிலத்தில் இலத்தீன் வழி வந்த சொற்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவையே. 'மேனுபேக்சர்' வேரின்படி கையால் செய்தல். இன்று இயந்திரம் செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம். 'கேண்டிடேட்' வெள்ளாடை அணிந்தவர், ஏனெனில் உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த ஆடை உடுத்தினார்கள். (இந்த ஒன்று மட்டும் தமிழ்நாட்டில் இன்றும் பெரும்பாலும் பொருந்தும்.) 'ரிசீவ்', 'டிசீவ்', 'கன்சீவ்', 'பெர்சீவ்' நான்கிலும் இருப்பது 'எடுத்தல்' என்ற ஒரே வேர். அதைத் தெரிந்து வைத்திருப்பவர் 'டிசீவ்' என்றால் ஏமாற்றுதல் என்று தாமாகக் கண்டுபிடிக்க முடியாது. பொருள் தெரிந்த பிறகு மறக்காமலிருக்க வேர் உதவும்; பொருள் தெரியாதபோது ஊகத்துக்கு மட்டுமே இடம் தரும்.

ஊகம் சில வேளை ஆபத்திலும் முடியும். 'இன்' எதிர்மறை என்று மட்டும் படித்தவர், எரிபொருள் லாரியில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால் தீப்பிடிக்காதது என்று நினைக்கக்கூடும். உண்மை நேர்மாறு. அங்கே 'இன்' எதிர்மறையே அல்ல. இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் 'ஃப்ளேமபிள்' என்று எழுதும் வழக்கம் பரவியது. குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் 'பீடியாட்ரிக்ஸ்' கிரேக்கம், பாதசாரியைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' இலத்தீன். முன்னதில் இருப்பது குழந்தை, பின்னதில் இருப்பது கால். இந்த வேறுபாட்டை லூயிஸ் தெளிவாகவே எச்சரிக்கிறார். நகல் தாள்களில் அந்த எச்சரிக்கை காணாமல் போகிறது.

விடுபட்டவை

நூல் தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் அமெரிக்கப் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களிடம் எளிய சொற்கள் ஏற்கெனவே இருந்தன. அரிய சொற்களே தேவைப்பட்டன. தமிழ்வழி மாணவர் நிலை வேறு. 'கெட்', 'புட்', 'டேக்' போன்ற சிறு வினைகள் 'அப்', 'ஆஃப்', 'அவே' ஆகியவற்றோடு சேர்ந்து தரும் பொருள்களில்தான் அன்றாடப் பேச்சு நடக்கிறது. இவை ஜெர்மானியக் குடும்பத்துச் சொற்கள். இலத்தீன் வேர் எதுவும் இங்கே உதவாது. மனித இனத்தையே வெறுப்பவருக்கு 'மிசாந்த்ரோப்' என்று சரியாக விடை எழுதியவர், 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்று தெரியாமல் நேர்முகத் தேர்வில் விழிப்பது இதனால்தான். தேர்வுகளும் மாறின. ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல் கேள்விகளும் சொல்லிணைக் கேள்விகளும் 2011-ல் நீக்கப்பட்டன; வாக்கியத்தில் சொல் எப்படி நிற்கிறது என்பதே இப்போது அங்கே சோதிக்கப்படுகிறது. பல சொற்களுக்கு ஒரு சொல் கேட்கும் எஸ்.எஸ்.சி. தேர்வுக்கு லூயிஸ் இன்றும் பயன்படுவார்.

வீட்டிலிருக்கும் இலத்தீன்

தமிழருக்காக இத்தகைய நூல் ஒன்றை எழுதினால் 'ஈகோ'வில் தொடங்க வேண்டியதில்லை, சாவியில் தொடங்கலாம். போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த வீட்டுச் சொற்கள் பல இலத்தீனின் பேரப்பிள்ளைகள். சாவியின் மூலம் 'கிளாவிஸ்'; கர்தினால்கள் பூட்டிய அறைக்குள் கூடிப் போப்பைத் தேர்ந்தெடுக்கும் 'கான்கிளேவ்', காறை எலும்பாகிய 'கிளாவிக்கிள்' இரண்டும் அதிலிருந்து வந்தவை. சன்னலின் பின்னே கதவைக் குறிக்கும் இலத்தீன் சொல் இருக்கிறது. வாயில் காப்பவரான 'ஜானிட்டர்' அதன் உறவு. அலமாரி ஆயுதம் வைக்கும் பெட்டகத்திலிருந்து வந்து 'ஆர்மி'க்கு உறவாகிறது. பாதிரிக்கும் 'பேட்டர்னல்' என்பதற்கும் தந்தை ஒருவரே.

பேனா இறகைக் குறிக்கும் 'பென்னா'விலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'பென்' அதன் உடன்பிறப்பு. பக்கத்திலேயே இருக்கும் பென்சிலையும் மாணவர் அதே குடும்பத்தில் சேர்த்துவிடுவார். அது வேறு வேர்: சிறு வால், அதிலிருந்து தூரிகை என்று பொருள்படும் 'பெனிசில்லஸ்'. பென்சிலுக்கு உண்மையான உறவு மருந்துக் கடையிலிருக்கும் பெனிசிலின்தான்.